தன்னையே எதிர்த்து வழிமொழிந்தவர்

அண்ணாதுரை அண்ணன் என் அச்சுக்கடைக்குள் நுழைந்து ஒரு கடிதத்தைப் பன்னிரண்டு பிரதி எடுக்கச் சொன்னபோதே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கெட்ட செய்தி வந்தால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணன் கூட்டம் போடுவார்.

"யாருக்குண்ணே பன்னெண்டு?"

"செயற்குழுவுக்குப் பதினொண்ணு. கோப்புக்கு ஒண்ணு."

"பூவம்மா அக்காவுக்கு?"

"அவகிட்ட இன்னும் சொல்லல மர்யம். அதான் பன்னெண்டோட நிறுத்தினேன்."

எங்கள் இரண்டு கடைகளும் தேக்காவில் ஒரு பழைய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் எதிரெதிரே இருக்கின்றன. நான் அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், பதாகை எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன். அண்ணனும் அவர் மனைவி பூவம்மாவும் கோப்பை, கேடயம், பொன்னாடை விற்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரு தமிழ் விழா மேடையில் யாராவது குனிந்து பொன்னாடை வாங்கிக்கொண்டால், அழைப்பிதழ் என் கடையிலிருந்தும் பொன்னாடை அவர் கடையிலிருந்தும் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது போக, அண்ணன் இருபத்தாறு வருடமாக ஒரு சங்கத்தின் செயலாளர். கூட்டத்தில் யாராவது ஒன்றை முன்மொழிந்துவிட்டு, வழிமொழிய ஆளில்லாமல் இரண்டு நொடி அமைதி நிலவினால் அவருக்கு மூச்சு முட்டும்.

கடிதத்தைப் பிரதி எடுக்கும்போதே படித்துவிட்டேன். ஒளிமலர் கேப்பிட்டல் என்ற கடன் நிறுவனம் நொடித்துப்போய், கலைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதன் கணக்குப்படி அண்ணாதுரை முப்பத்தெட்டாயிரத்து நானூறு சிங்கப்பூர் வெள்ளி பாக்கி வைத்திருக்கிறார். முப்பது நாளில் கட்டாவிட்டால், அடமானத்தில் இருக்கும் கடை விற்கப்படும்.

"நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முழுசா கட்டிட்டேன் லா!" என்றார் அண்ணன். அந்தக் கடையைத் தவிர அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை, வயதான காலத்துக்கு வேறு சேமிப்பும் இல்லை.

அடமானம் வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆசை அதிகம். பிரதி எடுக்கும் இயந்திரம் தாளைக் கவ்விக்கொண்டால்கூட ஆளைக் கூப்பிடமாட்டேன், பக்கக் கதவைத் திறந்து எந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று பார்ப்பேன். நீங்கள் கடையை அடமானம் வைக்கும்போது கடன் கொடுத்தவர் அரசாங்கத்தின் நிலப் பதிவேட்டில், உங்கள் கடையின் பெயருக்கு நேராக ஒரு சீட்டை ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இதன்மேல் எனக்கு உரிமை உண்டு' என்பது அந்தச் சீட்டு. நீங்கள் கடனைக் கட்டி முடித்தாலும் சீட்டு தானாக உதிராது. ஒட்டியவர் கையெழுத்துப் போட்டுப் பிரிக்கவேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அடமான விடுவிப்பு என்று பெயர்.

"விடுவிப்புப் பத்திரம் எங்கண்ணே?"

அண்ணன் எதிர்க்கடைக்குப் போய் ஒரு கேடயத்தை எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார். மரத்தில் பித்தளைத் தகடு. 'கடனை முழுமையாகச் செலுத்திய சாதனைச் செம்மல் திரு. அண்ணாதுரை அவர்களுக்கு, ஒளிமலர் கேப்பிட்டல் அன்புடன் வழங்கியது.'

"பத்திரம் கேட்டேன்."

"இதைத்தான் குடுத்தாங்க."

ஒளிமலர் முதலாளிக்கு மேடை என்றால் உயிர். வருடத்துக்கு ஒருமுறை ஓர் உணவக மண்டபத்தைப் பிடித்து, அந்த வருடம் கடனைக் கட்டி முடித்தவர்களையெல்லாம் வரிசையாக மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுப்பார். பத்திரம் அடுத்த வாரம் வந்துவிடும் என்பார். அண்ணனோடு மேடையேறிய மற்ற நாற்பத்தேழு பேரும் அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போய் நச்சரித்துப் பத்திரத்தை வாங்கிவிட்டார்கள். அண்ணன் மட்டும் போகவில்லை.

"ஏண்ணே?"

"பொன்னாடை போட்ட மனுஷன்கிட்டப் போயி பேப்பர் எங்கன்னு கேட்டா என்ன நினைப்பாரு? நாம அவரைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடாது?"

இதற்கு நான் பதில் சொல்வதற்குள் வாசலில் பூவம்மா அக்கா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. பன்னிரண்டு பிரதிகளில் ஒன்றை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"இருபத்தாறு வருஷமா ஊருக்கெல்லாம் பொன்னாடை போர்த்துனீங்க. உங்களுக்கு ஒருத்தன் போர்த்துனதும் கடையையே மறந்துட்டீங்க, இல்ல?"

அண்ணன் பதிமூன்றாவது பிரதி எடுக்கச் சொன்னார்.

*

பணம் கட்டியதற்கு வங்கியில் பதிவு இருந்தது. அதைக் கேடயத்தின் புகைப்படத்தோடு, கடிதம் வந்த முகவரிக்கே அனுப்பினோம். நான்கு நாளில் பதில் வந்தது. பணம் வந்தது உண்மைதான். ஆனால் அது கடனுக்கு வரவு வைக்கப்படவில்லை. ஒளிமலர் கணக்குப் புத்தகத்தில் அந்த முப்பத்தெட்டாயிரத்து நானூறு வெள்ளிக்கு எதிரே 'பாராட்டு விழா: வைர ஆதரவாளர், திரு. அண்ணாதுரை' என்று எழுதியிருந்தது.

"வைர ஆதரவாளரா?" என்றார் பூவம்மா அக்கா. "ரெண்டாயிரம் வெள்ளி குடுத்தாலே வைரம்தான. முப்பத்தெட்டாயிரத்துக்கு மண்டபத்தையே எழுதி வச்சிருக்கணுமே!"

குடைந்து குடைந்து கேட்டபின் உண்மை வந்தது. விழாவுக்கான எல்லாக் கேடயங்களையும் அண்ணன் கடையில்தான் செய்தார்கள். கடனை அடைக்கும் வங்கிக் காசோலையைக் கொடுக்கப் போன அன்றே கேடயத்துக்கான விலைப்பட்டியலையும் கொடுக்கவேண்டியிருந்தது. இரண்டு தடவை போவானேன் என்று அண்ணன் இரண்டையும் ஒரே உறையில் போட்டு, மேலே அழகாக 'விழா' என்று எழுதிவிட்டார். உறையைப் பிரித்த எழுத்தர் உறையில் இருந்தபடி பதிந்துவிட்டார். அண்ணாதுரை யாருக்காவது நன்கொடை கொடுத்தார் என்றால் ஊரில் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

"கேஸ் போடுறேன்," என்றார் அண்ணன். "கோர்ட்ல பாத்துக்கிறேன்."

அவர்கள் வீடு சுவா சூ காங்கில். அங்கே சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு மூவரும் போனோம். தாரணி என்ற இளம் வழக்கறிஞர் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், இதை எழுதினது யாரு?"

"ஒளிமலர்."

"இல்ல, இந்தத் தகட்டுல இந்த எழுத்தைப் பொறிச்சது?"

"நான்தாம்மா."

"உங்களைப் பாராட்டி நீங்களே."

"ஆர்டர் குடுத்தது அவங்க!"

"அங்கிள், நீங்க நினைச்சா இன்னைக்குச் சாயந்திரம் எனக்கும் ஒண்ணு செஞ்சு தரலாம். கடன் கட்டினேன்னு. நான் கடனே வாங்கல." தாரணி கேடயத்தை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார். "இன்னொரு விஷயம். கம்பெனி லிக்விடேஷன்ல இருக்கு. கோர்ட் பெர்மிஷன் இல்லாம அது மேல கேஸ் போட முடியாது."

"அநியாயமா இருக்கே! என் கடையை அது எடுக்கலாம், அது மேல நான் கேஸ் போடக்கூடாதா?"

அநியாயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் இதைப்போல ஒழுங்கான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் சோறு குறைந்துவிட்டது என்று வையுங்கள். எல்லாரும் எழுந்து ஆளுக்கொரு வாளியோடு சமையலறைக்கு ஓடினால் முதல் நான்கு பேருக்குக் கிடைக்கும், பாத்திரமும் கவிழும். அதனால் எல்லாரும் இலையில் உட்காரவேண்டும், ஒரே ஒருவர்தான் பரிமாறுவார், இருப்பதைச் சமமாகப் போடுவார் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஒருவர்தான் கலைப்பாளர். நிறுவனத்திடம் மிச்சம் இருப்பதைத் திரட்டி, அதற்குக் கடனோ, கடனுக்குச் சரக்கோ கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. வழக்குப் போடுவது என்பது வாளியோடு சமையலறைக்குப் போவது. நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் அனுமதிக்கும். இல்லாவிட்டால் இலையில் உட்கார் என்று சொல்லும்.

தாரணியிடம் நான் ஒன்று கேட்டேன். "கேடயத்துக்கு இன்னும் பணம் வரலம்மா. அந்த விழாவுக்கு அடிச்ச அழைப்பிதழ் காசு எனக்கும் வரல. அப்ப நாங்களும் பந்தியில உக்காரலாமா?"

தாரணி நிமிர்ந்தார். "ஓ, நீங்க ரெண்டு பேரும் கிரெடிட்டர்ஸா! அப்ப உங்களுக்கு எவ்வளவு வரணும்னு ப்ரூஃப் ஃபார்ம் போடுங்க. அடுத்த வாரம் கிரெடிட்டர்ஸ் மீட்டிங் இருக்கு, போங்க. லிக்விடேட்டரை நேர்ல பாருங்க. பெர்மிஷன் அப்ளிகேஷன் ஒரு பக்கம் நடக்கட்டும்."

அண்ணன் காதில் கடைசி வாக்கியம் விழவில்லை. 'மீட்டிங்' என்ற சொல்லிலேயே அவர் முகம் தெளிந்துவிட்டது.

*

கூட்டம் தஞ்சோங் பகாரில், இருபத்தோராம் மாடியில் ஒரு கண்ணாடி அறையில். எம்ஆர்டி ரயிலில் போகும்போது அண்ணன் மடியில் ஒரு பை இருந்தது. எட்டிப் பார்த்தேன். தங்கச் சரிகைப் பொன்னாடை.

"அண்ணே, இது யாருக்கு?"

"கூட்டத்துக்குத் தலைமை தாங்குறவருக்கு."

"அவர் மேலதான் கேஸ் போடப்போறீங்க!"

"கேஸ் வேற, மரியாதை வேற."

கலைப்பாளர் பெயர் திலீப். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், ஒல்லியாக, சரியாகத் தூங்காத கண்களோடு இருந்தார். கடன் கொடுத்தவர்கள் பதினான்கு பேர் வந்திருந்தோம். அவர் "லெட்ஸ் ஸ்டார்ட்" என்று சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் எழுந்து போய்ப் போர்த்திவிட்டார். திலீப் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், நான் கிஃப்ட் வாங்கக்கூடாது."

"இது கிஃப்ட் இல்ல தலைவரே. நடைமுறை."

திலீப் பக்கத்திலிருந்த உதவியாளரைப் பார்த்தார். "ரோஷினி, ரெஜிஸ்டர்ல எழுதிக்கோங்க. ஒரு ஷால். கோல்ட் கலர்."

"வேல்யூ எவ்வளவு சார்?" என்றார் ரோஷினி.

"பன்னெண்டு வெள்ளிம்மா," என்றார் அண்ணன். "மொத்தமா எடுத்தா ஒம்பதரை."

அடுத்து, கூட்டம் தொடங்குமுன் மறைந்த நிறுவனத்துக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தலாமே என்றார்.

"சார், கம்பெனி இன்னும் சாகல," என்றார் திலீப். "லிக்விடேஷன்ல இருக்கு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் டிசால்வ் ஆகும்."

"அப்ப ஐசியு-ல இருக்கா?"

"அப்படி வச்சுக்கலாம்."

"பொழைக்குமா?"

"இல்ல."

அண்ணன் வருத்தத்தோடு உட்கார்ந்தார். தீர்மானங்கள் தொடங்கின. முதல் தீர்மானம், திலீப்பின் நியமனத்தை உறுதிசெய்வது. யாரோ முன்மொழிந்தார்கள். அமைதி. "வழிமொழிகிறேன்!" என்றார் அண்ணன். இரண்டாவது, திலீப்பின் கட்டணம். முன்மொழிந்தார்கள். அமைதி. "வழிமொழிகிறேன்!" மூன்றாவது தீர்மானத்தை ரோஷினி ஆங்கிலத்தில் வேகமாகப் படித்தார். நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுக்க யாராவது அனுமதி கேட்டால் அதை எதிர்ப்பதற்கு வழக்கறிஞர் அமர்த்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். யாரோ கை தூக்கி முன்மொழிந்தார். நான் அண்ணன் முழங்கையைப் பிடிப்பதற்கும் அவர் எழுந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"மனப்பூர்வமாக வழிமொழிகிறேன்!"

"அண்ணே!"

"என்ன?"

"இப்ப என்ன சொன்னீங்க தெரியுமா? உங்க கேஸை எதிர்க்கச் சொல்லி நீங்களே சொல்லிட்டீங்க."

அண்ணன் யோசித்தார். "முன்மொழிஞ்சவரு தனியா நின்னாரு மர்யம். பாவமா இருந்துச்சு."

கடைசியாகக் கண்காணிப்புக் குழு. கடன் கொடுத்தவர்கள் எல்லாரையும் எப்போதும் கூப்பிட்டுக் கேட்க முடியாது அல்லவா? அதனால் அவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். கலைப்பாளர் சில முக்கிய முடிவுகளை எடுக்குமுன் இந்த மூவரிடம் ஒப்புதல் பெறவேண்டும். சம்பளம் கிடையாது. அதனால் அறையில் எல்லாரும் திடீரென்று தங்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள். அந்த அமைதியை அண்ணனால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? ஐந்து நொடியில் அவர் உறுப்பினர். அவரைத் தனியே விட பயந்து நான் கை தூக்கினேன். மூன்றாவதாக ரவூப் என்பவர் சேர்ந்தார். அலுவலகங்களுக்குப் பூந்தொட்டிகளை வாடகைக்கு விடுபவர்.

"எனக்கு ஒண்ணுதான்," என்றார் ரவூப். "என் செடி இருபத்திரண்டு அந்தப் பூட்டுன ஆஃபீசுக்குள்ள இருக்கு. குழுவுல இருந்தா யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களான்னு பாக்கறேன்."

அண்ணன் பதினேழு நிமிடம் நன்றியுரை ஆற்றினார். அதில் மின்தூக்கியை இயக்கியவர்களுக்கும் நன்றி இருந்தது.

*

ஒன்பது நாள் கழித்து அண்ணன் சிவந்த முகத்தோடு என் கடைக்குள் வந்தார். கையில் திலீப் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலின் அச்சு. கண்காணிப்புக் குழு உறுப்பினர்களுக்கு: நம் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுக்க ஒரு கடனாளி நீதிமன்ற அனுமதி கேட்டிருக்கிறார், எதிர்ப்பதற்கு ஆகும் செலவுபற்றி உங்கள் கருத்து தேவை.

"பாரு மர்யம், இந்த மாதிரி நேரத்துல போயி ஒரு ஆளு கேஸ் போடுறான். இருக்கிற காசை வக்கீலுக்கா கொட்டணும்? யாரா இருக்கும்?"

"நீங்கதாண்ணே."

தாளை வாங்கி இன்னொருமுறை படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது நாள் கெடுவில் பதினொரு நாள்தான் மிச்சம். முதல்முறையாக அவர் கூட்டம் கூட்டவேண்டும் என்று சொல்லவில்லை.

"கடை போயிடுமா?" என்றார்.

எனக்கு இயந்திரம் நின்றுபோனால் ஒரு வழக்கம் உண்டு. முதலிலிருந்து, எந்த வழியாக என்ன உள்ளே போனது என்று பார்ப்பேன். திலீப் அலுவலகத்துக்குள் நாங்கள் என்னென்ன அனுப்பினோம்? கடிதம், வங்கிப் பதிவு, கேடயத்தின் படம். அப்புறம் கேடயப் பாக்கிக்கான நிரூபணப் படிவம். அந்தப் படிவத்தோடு என்ன இணைத்தோம்?

"அண்ணே, ப்ரூஃப் ஃபார்ம்ல என்ன சேர்த்தீங்க?"

"அது பூவம்மா பாத்துக்கிட்டா."

பூவம்மா அக்கா எதிர்க்கடையிலிருந்தே குரல் கொடுத்தார். "பில்லு, டெலிவரி ஆர்டரு, அப்புறம் எழுத்துத் தாளு!"

கேடயத் தொழிலில் இது ஒரு கட்டாயம். பித்தளையில் பொறித்த எழுத்தை அழிக்க முடியாது. 'திரு' என்பதற்குப் பதில் 'திருமதி' என்று விழுந்துவிட்டால் கேடயமும் வீண், உறவும் வீண். அதனால் என்னென்ன எழுத்து எந்தெந்தக் கேடயத்தில் வரவேண்டும் என்று ஒரு தாளில் அடித்து, ஆர்டர் கொடுத்தவரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் பூவம்மா அக்கா இயந்திரத்தைத் தொடவே மாட்டார். ஒருமுறை ஒரு தலைவர் தன் பெயரைத் தானே தப்பாகச் சரிபார்த்துவிட்டு வந்து சண்டை போட்டபோது, அந்தத் தாளைக் காட்டித்தான் அக்கா பணம் வாங்கினார்.

"அக்கா, அதைக் கொண்டாங்க!"

நான்கு பக்கம். மூன்று பக்கம் 'கடனை முழுமையாகச் செலுத்தியவர்கள்'. நாற்பத்தெட்டுப் பெயர்கள், எது யாருடையது என்று குழம்பாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் எதிரே கடன் கணக்கு எண். முப்பத்தாறாவது பெயர் அண்ணாதுரை. நான்காவது பக்கம் 'ஆதரவாளர்கள்'. வைரம் இரண்டு பேர், தங்கம் ஐந்து பேர். அதில் அண்ணன் பெயர் இல்லை. எல்லாப் பக்கத்திலும் ஒளிமலர் முதலாளியின் கையெழுத்து, முத்திரை, தேதி. காசோலை கொடுத்து எட்டு நாளுக்குப் பிந்திய தேதி.

இதில் உள்ள அழகைக் கவனியுங்கள். கேடயம் அண்ணன் செய்தது, அது சாட்சி ஆகாது. ஆனால் தாளில் கையெழுத்துப் போட்டது கடன் கொடுத்த நிறுவனமே. அண்ணாதுரை கடனைக் கட்டிவிட்டார் என்று அது தானே ஒப்புக்கொண்டு முத்திரையும் குத்தியிருக்கிறது.

திலீப்பைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "சார், கேடயப் பாக்கியை நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிட்டேன். பேப்பர்ஸ் எல்லாம் பக்கா."

"அந்தப் பேப்பரை நம்பித்தான ஒத்துக்கிட்டீங்க?"

"ஆமா."

"அப்ப அதுல இருக்கறதைக் கொஞ்சம் படிங்க சார். மூணாவது பக்கம், முப்பத்தாறு."

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நாங்க தொகையை மட்டும்தான் பாத்தோம்," என்றார் திலீப் மெதுவாக. "தமிழ்ல இருந்த பக்கத்தை யாரும் படிக்கல. நானும்தான்."

*

ஆனால் திலீப் உடனே கையெழுத்துப் போட முடியாது. புத்தகத்தில் வரவேண்டியதாக இருக்கும் ஒரு பாக்கியை விட்டுக்கொடுக்கவேண்டுமென்றால் கண்காணிப்புக் குழு ஒப்புக்கொள்ளவேண்டும். மூவரில் அண்ணன் தன் விஷயத்தில் தானே வாக்களிக்கக்கூடாது. மிச்சம் நானும் ரவூப்பும். இருவரும் சம்மதித்தால்தான் நடக்கும். ரவூப் சம்மதிக்காவிட்டால் அண்ணன் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அதற்குள் கெடு முடிந்துவிடும்.

கெடுவுக்கு மூன்று நாள் இருந்தபோது மறுபடி தஞ்சோங் பகார். அண்ணனை வெளியே உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பூவம்மா அக்காவோடு அவர் உட்கார்ந்திருந்தது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளே பேசுவது அவருக்குக் கேட்காது. ஆனால் நான் கையைத் தூக்கி முன்மொழிந்ததும் அவர் தன்னையறியாமல் பாதி எழுந்தார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"செகண்டர்?" என்றார் திலீப்.

ரவூப் தாடியைத் தடவினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த முப்பத்தெட்டாயிரம் வந்தா நம்ம எல்லாருக்கும் கொஞ்சம் கூடக் கிடைக்கும், சரியா?"

"சரி," என்றார் திலீப். "வெள்ளிக்கு மூணு நாலு காசு கூடும்."

"அதை நான் ஏன் விடணும்? அவரு நல்ல மனுஷன்தான், பேச்சுத்தான் நீளம். ஆனா எனக்கும் நஷ்டம் இருக்குல்ல."

நியாயமான கேள்வி. எனக்கும் அதே மூன்று நான்கு காசு நஷ்டம்தான்.

"செடிக்கு யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?" என்று நடுவில் கேட்டார் ரவூப்.

திலீப் கணினியில் எதையோ பார்த்தார். "உங்க செடி வாடகைக்குக் குடுத்ததுதானே? வித்தது இல்லையே?"

"வாடகைதான்."

"அப்ப அது கம்பெனிச் சொத்தே இல்ல சார். அதை நாங்க விக்கவும் முடியாது, பங்கு போடவும் முடியாது. நீங்க எப்ப வேணா வந்து எடுத்துட்டுப் போகலாம். இத்தனை நாள் யாரும் கேக்கல."

"சும்மா எடுத்துட்டுப் போகலாமா?"

"உங்களோடதுதானே."

ரவூப் விரலால் மேசையில் ஏதோ கணக்குப் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு சக்கரம் தானாகச் சுழலத் தொடங்கினால் அதில் கை வைக்கக்கூடாது.

"என் செடி உள்ள இருந்தாலும் என்னோடது," என்றார் ரவூப் மெல்ல. "அவரு காசு கட்டிட்டாரு. அப்ப அவரு கடை..."

"அவரோடது," என்றேன்.

"அதை நாம பங்கு போட்டா, என் செடியை இந்தப் பதினாலு பேரும் ஆளுக்கொரு தொட்டியா தூக்கிட்டுப் போற மாதிரி." அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அதெப்படி? யாரு செடியை யாரு எடுக்கறது? எழுதிக்குங்க தம்பி. நான் செகண்ட் பண்றேன்."

ரோஷினி எழுதிக்கொண்டார். வெளியே அண்ணன் ரவூப்பின் கோப முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கதவைத் திறந்து நான் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"திட்டுனாரே?"

"உங்களுக்காகத்தாண்ணே திட்டுனாரு."

பூவம்மா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திலீப் கையெழுத்துப் போடும்வரை மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, தேதியும் எழுதச் சொன்னார், முத்திரையும் குத்தச் சொன்னார், கடை எண்ணை விரல் வைத்துச் சரிபார்த்தார். "பத்திரம் அடுத்த வாரம் அனுப்பிடுறோம்மா" என்று ரோஷினி சொன்னதும், "வேணாம், இங்கயே உக்காந்திருக்கேன்," என்றார். நாற்பது நிமிடம் உட்கார்ந்து வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

வழக்கு அனுமதி மனுவைத் திரும்பப் பெறவேண்டும் என்று தாரணி சொன்னார். அதில் மட்டும் அண்ணனுக்குக் கொஞ்சம் மனக்குறை. நீதிமன்றத்தில் பேசுவதற்கென்று மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார்.

இரண்டு வாரத்தில் விடுவிப்பு பதிவாகிவிட்டது என்று செய்தி வந்தது. நிலப் பதிவேட்டில் தேட யாராலும் முடியும். இணையத்தில் கட்டணம் செலுத்தினால், கடையின் விவரத்தைப் பட்டியலாகக் கொடுப்பார்கள். அதை அச்செடுத்து எதிர்க்கடைக்குக் கொண்டுபோனேன். மேலே கடை எண். அடுத்து உரிமையாளர் பெயர்கள், இருவருடையதும். அதற்குக் கீழே 'வில்லங்கங்கள்' என்ற தலைப்பு. அதன்கீழ் வெள்ளைத்தாள்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இங்க என்ன ஒண்ணுமே எழுதல?"

"அதுதாண்ணே நமக்கு வேணும். ஒளிமலர் பேரு அங்க இருந்துச்சு. இப்ப இல்ல."

"அடமானம் தீர்ந்ததுன்னு ஒரு வரிகூடப் போடலயா? வாழ்த்துன்னு?"

"போட மாட்டாங்கண்ணே."

பூவம்மா அக்கா அவர் கையிலிருந்து தாளை வாங்கி, அந்த வெற்றிடத்தை ஒருமுறை உள்ளங்கையால் தடவினார். "ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கா காசு வாங்குறாங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், பணப்பெட்டியின் பூட்டைத் திறந்து, எல்லாவற்றுக்கும் அடியில் அதை வைத்துப் பூட்டினார்.